லீவுக்குக் காத்திருந்தது

ஏப்ரல் 4, வெள்ளி. புழுதிக்காற்று. ஜன்னல் எல்லாம் அடைப்பு.

பகல் சாப்பாட்டுக்கு உள்ளறையில் இருந்தவர்கள்: மருமகள் நஸ்ரின், மகள் மும்தாஜ், பக்கத்து பிளாட் ஆமினா, நான். ஆண்கள் ஹாலில்.

நஸ்ரினுக்கு மூன்று பிரசவமும் ஆபரேஷன். இனி உண்டானால் உயிருக்கு ஆபத்து, காப்பர்-டி போட்டுக்கொள் என்று டாக்டரம்மா. மகன் ஜமாலின் கம்பெனி இன்சூரன்ஸ் கார்டில் அது கிடையாதாம். பிரசவத்துக்கு உண்டாம்.

பெறுவதற்குக் கொடுக்கிறவன் பெறாமல் இருக்கக் கொடுக்க மாட்டானா, பைத்தியக்காரன் என்றாள் ஆமினா. ஜமாலை ஆபீஸில் எழுதிக் கேட்கச் சொன்னாள். மும்தாஜ் விடவில்லை.

"புருஷன் பொஞ்சாதி விஷயத்த கம்பெனிக்காரன்ட்ட போயி கேப்பாகளா மச்சி? வெக்கமா இல்ல? ஜூலைல ஊருக்குப் போறியள்ல, கவர்மெண்டு ஆஸ்பத்திரில சும்மாவே போடுவாக."

நஸ்ரின் தட்டுகளை அடுக்கினாள். ராத்திரி ஜமாலும், சரி, லீவில் பார்ப்போம் என்றான். பல், கண், மூட்டுவலி, இந்த அரபு நாட்டுச் செலவுக்குப் பயந்து எல்லாம் லீவுக்குத்தான் காத்திருக்கும்.

ஏப்ரல் 5. முழங்கால் வீக்கம். மீன் வாங்கவில்லை.

எனக்கு மறக்காது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், நோன்புக்கு முந்தின திங்கள். மும்தாஜ் இங்கேயே அதே காப்பர்-டியைப் போட்டுக்கொண்டாள். அவள் புருஷன் கம்பெனி பெரிசு, கார்டில் உண்டு. வெளியே அவள் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தது நான். நேற்று அதை நான் சொல்லவில்லை. மகள் மானம்.

ஜூன் 30. வெக்கை. ஏசி ரிப்பேர். ஜமாலுக்கு லீவு இல்லை. அவன் வேலை செய்யும் முசஃபா ஒர்க்‌ஷாப்பில் ஆள் குறைவு, செப்டம்பர் என்கிறார்கள். நஸ்ரின் துணி மடித்தாள்.

ஜூலை 12. நஸ்ரினுக்குக் காலையில் வாந்தி. இரண்டு கோடு.

டாக்டரம்மா திட்டவில்லை. அதுதான் பயம். ஜமால் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுகிறான்.

மாமி, பிள்ளைகளை நீங்க பாத்துக்குவியளா என்று கேட்டாள் நஸ்ரின். சின்னதை மடியில் எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் மும்தாஜ் போன்.

"அல்லா குடுக்கிறத வேணாங்க நாம யாரும்மா?"

"நீ ரெண்டு வருஷமா வேணாங்குறியே."

வைத்துவிட்டாள்.

கம்பெனிக்காரன் யாரோ, போகட்டும். ஜமாலுக்குப் புத்தி அவ்வளவுதான். நான் வாய் மூடியதற்கு அல்லாவிடம் நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். என்னால் மன்னிக்க முடியாதது ஒருத்தியைத்தான். நான் பெற்ற மும்தாஜை.