கீரப்பாளையத்துத் துணிக்கொடி

என் மனசுக்கு நெருக்கமான மல்லிகா அக்காவுக்கு,

மாரடைப்பு வந்து நீ போன பிறகு நம் பையை நான் தொடவேயில்லை. வெட்டிய துணிகள், டிச் பட்டன் டப்பா, கர்ப்பப்பை படம் போட்ட சார்ட் எல்லாம் அதற்குள்ளேயே கிடந்தன. மஞ்சக்குப்பத்தில் உன் வீட்டைப் பஸ் தாண்டும்போது இப்போதும் எட்டிப் பார்க்கிறேன். போன வாரம் உன் மகள் வாசலில் ஸ்கூட்டி துடைத்துக்கொண்டிருந்தாள். நன்றாக இருக்கிறாள். தொழுது முடித்துக் கேட்கிற துஆவில் உன் பெயரும் இருக்கிறது, அக்கா.

நாம் வேலையைப் பிரித்துக்கொண்ட விதம் உனக்குத் தெரியும். மாதவிடாய் பற்றிப் பிள்ளைகளிடம் பேசுவது நீ. துவைத்துத் துவைத்துப் பயன்படுத்தும் துணி நாப்கின் தைக்கக் கற்றுக்கொடுப்பது நான். நீ பேசும்போது நான் குனிந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பேன். அத்தனை வருஷம் உன் பக்கத்திலேயே இருந்தும், அந்த வார்த்தையை நாலு பேர் முன்னால் நான் சொன்னதில்லை.

அறுவடை முடிந்த சமயத்தில் கீரப்பாளையம் மகளிர் குழுவிலிருந்து போன் வந்தது. தையல் மட்டும்தான் சொல்லித் தருவேன் என்று கறாராகச் சொல்லிவிட்டுத்தான் போனேன். பிள்ளைகள் சுறுசுறுப்பானவர்கள். மேலே மெல்லிய பருத்தி, உள்ளே ஃபிளானல், அடியில் தண்ணீர் இறங்காத துணி என்று காட்டியதுமே பிடித்துக்கொண்டார்கள். அதில் வினோதினி என்றொரு பெண். சிதம்பரத்தில் ஜவுளிக்கடை வேலை. அவள் தையல் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. ஆனால் மெஷினில் நிலையாக உட்காரவே இல்லை. எழுந்திருப்பதும் நெளிவதுமாக இருந்தாள்.

மற்றவர்கள் போன பிறகு தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். தொடையிடுக்கில் அரிப்பு, புண். பழைய துணிதான் வைக்கிறாளாம். மாட்டுக் கொட்டகையில் சாக்குக்கு அடியில் ஒளித்துக் காயவைத்து, ஈரம் போகுமுன்பே எடுத்துவிடுவாளாம். வெளியே போட்டால் அப்பா பார்த்துவிடுவார் என்று பயம். தைத்து முடித்த நாப்கினை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

“நீங்க நல்லாத்தான் சொல்லித் தரீங்கக்கா. ஆனா இதயும் நான் அந்தச் சாக்குக்கு அடியிலதான போடணும்?”

நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

மறுநாள் அவளையும் அவள் அம்மாவையும் சிதம்பரத்தில் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். ஈரத்துணியால் வந்த தொற்றுதான் என்று மாத்திரையும் களிம்பும் கொடுத்தார். துணியை நல்ல வெயிலில் காயவைக்காவிட்டால் திரும்பவும் வரும் என்றும் சொன்னார். திரும்பும்போது பஸ்ஸில் வினோதினி என் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பாவிடம் நீங்களே சொல்லுங்கள், எனக்கு வாய் வராது என்றாள்.

எனக்கு மட்டும் வாய் வருமா, அக்கா?

அவள் அப்பா முருகையன் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். முன்பின் தெரியாத ஆண்பிள்ளை. உன்னை நினைத்துக்கொண்டு, “அண்ணே, உங்க பொண்ணோட மாதவிடாய்த் துணியப் பத்திப் பேசணும்” என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. புண்ணைச் சொன்னேன், சாக்கைச் சொன்னேன், டாக்டர் சொன்னதையும் சொன்னேன். அவர் வாளியைக் கீழே வைத்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார்.

“வெளிய போடக் கூடாதுன்னு நான் எப்ப சொன்னேன்?”

“சொல்லல. கோவிச்சுக்குவீங்கன்னு நாங்களாத்தான் நெனச்சிக்கிட்டோம்.”

“எங்கிட்ட யாரும் கேக்கவே இல்லயே,” என்றார். அதில் கோபம் இல்லை. அடிபட்ட மாதிரி இருந்தது அந்தக் குரல்.

இப்படி எத்தனை வீடு இருக்கும்? யாரும் போடாத தடைக்குப் பயந்து எத்தனை பிள்ளைகள் புண்ணோடு நடக்கிறார்கள்?

அடுத்த முறை நான் போனபோது கொட்டகைக்கு வெளியே புது நைலான் கயிறு கட்டியிருந்தது. “வெயிலு இங்கதான் ஜாஸ்தி” என்று மட்டும் சொன்னார் முருகையன். கொடியில் வினோதினி தைத்த பூப்போட்ட நாப்கின்கள் வரிசையாகக் காய்ந்தன. அந்த வழியாகப் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி, அது என்ன என்று அவரிடம் விசாரித்தார்.

“எம் பொண்ணு துணி காயுது” என்றார் அவர். வந்தவர் பெடலை மிதித்துக் கிளம்பிவிட்டார்.

புண் ஆறிவிட்டது. ஜவுளிக்கடையில் கூட வேலை செய்கிற பெண்களுக்கு இப்போது அவளே தைக்கச் சொல்லித் தருகிறாள். நானும் வகுப்பில் முதலில் பேசிவிட்டுத்தான் மெஷினைத் தொடுகிறேன். முதல் தடவை திக்கியதும் பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டேன். அதற்கப்புறம் பயம் போய்விட்டது. நம்பமாட்டாய், சாயங்காலம் வீடு திரும்பும்போது மனசு நிறைந்திருக்கிறது.

அடுத்தது திட்டக்குடி. அங்கே ஒரு வகுப்பில் அப்பாக்களையும் வீட்டுக்காரர்களையும் உட்காரவைக்கச் சொல்லியிருக்கிறேன். வருவார்களா, தெரியவில்லை. ஒருத்தர் வந்தாலும் அவர் முகத்தைப் பார்த்து, குரலைத் தாழ்த்தாமல் பேசுவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு, அக்கா.

உன் கூடப்பிறக்காத தங்கச்சி,
நூர்ஜஹான்
மேல்பட்டாம்பாக்கம்