கூறைச் சேலையின் மறுதலைப்பு

செவ்வாய்ப்பேட்டை, சேலம்
தாது வருஷம், தை 4

அன்புள்ள தம்பி பச்சமுத்துவுக்கு அக்கா ஆராயி ஆசி கூறி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா, வெற்றிலைக் கொடிக்காலுக்குத் தண்ணீர் ஒழுங்காகப் பாய்கிறதா என்று எழுது. வாத்தியார் யாரையாவது பிடித்து எழுதவைத்ததாக நினைக்காதே, இது என் கையெழுத்துதான். கோர்ட்டு என்னை அனுப்பிவைத்த மெட்ராஸ் விடுதியில் கற்றுக்கொண்டேன். உன் எழுத்தைவிட நேராகவே நிற்கிறது.

உன் கடிதத்தில் உனக்குக் கல்யாணம் என்று படித்ததும் தறியை நிறுத்திவிட்டு, எனக்கு வேலை கொடுத்திருக்கும் முத்தாயம்மாள் வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். அடுத்த பக்கத்தைப் படித்த பிறகு தறியில் உட்கார மனம் வரவில்லை. மாப்பிள்ளையோடு உடன்பிறந்தவள் நிற்கிற இணைச்சீருக்கு உன்னோடு சித்தப்பா மகள் சௌந்திரம் நிற்பாளாம், நான் பெண்களோடு பின்னால் உட்கார்ந்தால் போதுமாம். பெண் வீட்டார் யாராவது கேட்டால், ஊரில் இல்லாத ஆறு வருஷமும் கொழும்புத் தோட்டத்தில் இருந்ததாகச் சொல்ல வேண்டுமாம். எனக்குக் கோபம் வந்தது தம்பி. நன்றாகவே வந்தது.

கொழும்பை நான் கண்ணால் பார்த்ததில்லை. மில்லில் வேலை என்று சொல்லி ஒருத்தி என்னைச் சூரமங்கலத்தில் ரயில் ஏற்றி, மெட்ராஸில் ஒரு வீட்டில் விற்றாள். எனக்கு அப்போது பதினாறு வயது. கதவை வெளியே பூட்டி வைத்திருந்தார்கள். அதற்குமேல் நீ கேட்க வேண்டாம், நானும் எழுதவில்லை. ஆனால் "ஓடிப்போனவ" என்றாலும் ஒப்பமாட்டேன், "பாவம்" என்று உச்சுக்கொட்டினாலும் ஒப்பமாட்டேன். வெட்கப்பட வேண்டியவர்கள் விற்றவளும் வாங்கினவர்களும்.

போலீஸ் வந்து மீட்டதாக ஊரில் பேசிக்கொள்கிறார்களாம். அந்தப் போலீஸை வரவழைத்தது யார்? வெளுக்கத் துணி எடுக்க வந்த பெண்ணிடம் நாலு மாதம் விடாமல் சொல்லிச் சொல்லி நான்தான் சேதி அனுப்பினேன். அந்த வீட்டில் எனக்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். கோர்ட்டில் பெயர் கேட்டபோது, ஆராயி, பரமத்தி வேலூர் என்று சொன்னேன். என்னை விற்றவளைக் கை நீட்டிக் காட்டினேன். கேட்டவர்கள் எழுதி முடிக்கும் வரை கையை இறக்கவில்லை. என்னோடு ஐந்து பெண்கள் வெளியே வந்தார்கள்.

அவர்களில் இருவர் இப்போது என் பக்கத்துத் தறிகளில் நெய்கிறார்கள். நாங்கள் எந்நேரமும் அழுதுகொண்டிருப்பதாக நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. சிரிக்கிறோம், பாவு நூல் அறுந்தால் ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொள்கிறோம், மாரியம்மன் பண்டிகைக்கு மாவிளக்கு எடுக்கிறோம். நடந்தது எங்களுக்கு நடந்த ஒன்று. நாங்கள் அது மட்டும் இல்லை.

போன மாதம் அந்த முழங்காலோடு பஸ் ஏறி வந்த அம்மா, முத்தாயம்மாளிடம், "இவ என்ர மவளுங்க, கோர்ட்டுல நின்னு பேசுனவ" என்றாள். அம்மாவுக்கு முடிந்தது, மீசை வைத்திருக்கிற உனக்கு முடியாதா?

உன் கல்யாணத்துக்குக் கூறைச் சேலையை நானே நெய்து முடித்துவிட்டேன். சிவப்புக் கரை, ஒரு இழைகூடப் பிசகவில்லை. இணைச்சீரில் அதன் ஒரு தலைப்பு உன் கையிலும் மறுதலைப்பு உடன்பிறந்தவள் கையிலும் இருக்க வேண்டும் என்பது நம் வழக்கம். சௌந்திரம் நல்ல பெண்தான். அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் நீ நடக்கப் பழகியபோது பிடித்துக்கொண்டது என் பாவாடை நுனியை.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் சேலையோடு வருகிறேன். கொழும்பிலிருந்து இல்லை, சேலத்திலிருந்து வருகிறேன். பின்னால் போய் உட்காரமாட்டேன். என்னை நிற்கவைக்க மனமில்லை என்றால் சேலையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன், உன்னைச் சபிக்கமாட்டேன்.

நீயும் வரப்போகிறவளும் குறைவில்லாமல் வாழ வேண்டும். சீர் செய்கிற அருமைக்காரர் உன் உடன்பிறந்தவளை அழைக்கச் சொல்லும்போது, என் பெயரைச் சொல்லி நீயே கூப்பிடு சாமி. பந்தலின் கடைசி ஆள் வரைக்கும் கேட்கும்படி கூப்பிடு.

உன் அக்கா,
ஆராயி