தொட்டியின் அடியில் இருந்த காற்று

என் அன்பு மச்சானுக்கு,

போய்ச் சேராத இடத்துக்குக் கடிதம் எழுதுகிறேன் என்று நீங்கள் கேலி செய்வீர்கள். அதுவும் நான். தபாலை நம்பாமல் ஊருக்குப் போகிறவர் கையில் கவரைக் கொடுத்துவிட்டு, அவரையும் நம்பாமல் நாலு தடவை போன் போட்டு விசாரிக்கிறவன். ஆனாலும் உங்களிடம் சொல்லியாக வேண்டியது ஒன்று இருக்கிறது. மற்றவர்கள் படித்தாலும் படிக்கட்டும்.

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. ஷேக் சாயித் சாலை நெடுக மெட்ரோவுக்குத் தூண் நட்டுக்கொண்டிருக்கிறார்கள். சோனாப்பூர் கேம்ப்பில் இருந்து ஜெபல் அலி யார்டுக்குப் போக நம் பஸ் அரை மணி நேரம் கூடுதலாக எடுக்கிறது. உங்கள் கட்டிலுக்கு ஓர் ஆந்திராக்காரர் வந்திருக்கிறார். நல்ல மனுஷன் என்று ரூமில் எல்லோரும் சொல்கிறார்கள். நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

பஸ்ஸில் உங்கள் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து உங்கள் புத்தகத்தைத்தான் படிக்கிறேன். சத்வாவில் தையல்கடைகளுக்கு நடுவே பழைய சாமான் கடையில் வாங்கினீர்களே, அட்டை கிழிந்த இங்கிலீஷ் புத்தகம், அதுதான். பழங்காலத்துக் கிரேக்கர்களின் வைத்தியமும் தத்துவமும். பி.ஏ. தத்துவம் படித்துவிட்டு இரும்புத் தொட்டிக்குள் இறங்கி வெல்டிங் தழும்பைத் தேய்க்கிற ஒரே ஆள் நீங்கள்தான் என்று ரூமே சிரிக்கும். வேறு சீட் கிடைக்காமல் சேர்ந்தேன் என்பீர்கள். அதையும் நான் நம்பியதில்லை. பிடிக்காத படிப்பையா ஒருத்தர் அரபு நாடு வரைக்கும் தூக்கிக்கொண்டு வருவார்?

உங்கள் பேச்சு எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"மூச்சுக்கு அவங்க நியூமான்னு பேரு வச்சிருந்தாங்க மாப்ள. வெளிய இருக்கற வரைக்கும் அது வெறும் காத்து. உள்ள போயி இதயத்துச் சூட்டுல பக்குவமாயிட்டா அதுதான் உசுரு."

"யாரு பாத்தா?" என்பேன்.

"அதுல ஒரு கூட்டம் கல்லுக்குள்ளயும் அது இருக்குன்னாங்க. கல்லு உதிராம இறுக்கிப் பிடிச்சு வச்சிருக்கறதே அதுதானாம்."

"அதையும்தான் யாரு பாத்தா?"

நீங்கள் கோபித்துக்கொண்டதே இல்லை. என் சந்தேகத்தை ஒரு நோயாகக்கூட நினைக்கவில்லை. கையுறை ஒரு ஜோடி குறைந்தாலும் யார்டையே நிற்க வைத்துக் கேட்கிற என்னைப் போன்ற ஸ்டோர் கீப்பருக்கு அது வேண்டும் என்று சொன்னீர்கள்.

ஒரு நாள் நாடிக்குழாய் விஷயத்துக்கு வந்தீர்கள். அந்தக் காலத்து வைத்தியர்கள் சிலர் செத்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்தார்களாம். நாடிக்குழாய்கள் காலியாக இருந்தனவாம். அதனால் உயிரோடு இருக்கிறவனுக்கும் அந்தக் குழாய்களில் ஓடுவது காற்றுதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

"வெட்டுனா ரத்தம் வருதே மச்சான்?"

"அதுக்கும் பதில் வச்சிருந்தாங்கடா. வெட்டுனதும் காத்து வெளிய போயிருதாம். அந்த வெத்து எடத்துக்குப் பக்கத்துக் குழாய்ல இருந்து ரத்தம் ஓடியாந்துருதாம்."

நம் ஃபோர்மேன்கூட இப்படிச் சமாளிக்க மாட்டார் என்றேன். பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தீர்கள்.

"பின்னாடி ஒருத்தன் வந்தான் மாப்ள. உசுரோட இருக்கற மிருகத்துக்கிட்டப் போனான். குழாய ரெண்டு எடத்துல நூலப் போட்டுக் கட்டி, நடுவுல கீறுனான். பக்கத்துல இருந்து ஒண்ணும் ஓடியார வழி இல்ல. உள்ள முழுக்க ரத்தம். நீ கேப்பியே, யாரு பாத்தான்னு. அவன் பாத்தான்."

இதெல்லாம் கதை என்றுதான் அன்று கேட்டுக்கொண்டேன்.

நீங்கள் விழுந்த அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும். வழக்கம்போல உங்கள் பெயர் அட்டையைத் தொட்டி வாயில் தொங்கவிட்டு விட்டு இறங்கியிருக்கிறீர்கள். உள்ளே இருப்பவன் யார் என்று வெளியே தெரிய வேண்டுமே, அதற்கான அட்டை. அடியில் இருக்கிற வெல்டிங் தையலைத் தேய்க்கக் குனிந்தீர்களாம். எழுந்திருக்கவில்லை. உங்களைத் தூக்கி வெளியே கிடத்தும்போது நானும் ஓடி வந்தேன். முகத்தில் ஒரு கீறல் இல்லை. நெஞ்சு அசையவில்லை.

டாக்டர் கொடுத்த காகிதத்தில் இதயமும் மூச்சும் நின்று மரணம், இயற்கையானது என்று வந்தது. மூச்சு நின்றால் மரணம் என்பது எனக்கும் தெரியும். ஏன் நின்றது? டாக்டரைக் குறை சொல்லவில்லை. அவரிடம் போனது நீங்கள் மட்டும்தான். தொட்டி போகவில்லை. செத்தவரைப் பார்த்துத்தான் அவரும் எழுதியிருக்கிறார்.

நான் தொட்டியைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்காமலும் இல்லை. மறுநாள் ஆர்கான் சிலிண்டர்களைத் திரும்ப எடுத்து வைக்கும்போது ஒன்று காலியாக இருந்தது. நீங்கள் விழுந்ததற்கு முந்தின நாள் சாயங்காலம்தான் முழு சிலிண்டராக அந்தத் தொட்டி வெல்டிங்குக்குக் கொடுத்திருந்தேன். அன்று ராத்திரி வெல்டர் காய்ச்சல் என்று வேலைக்கே வரவில்லை. பிறகு அந்த வாயு எங்கே போனது? திறந்து கிடந்த குழாய் வழியாகத் தொட்டிக்குள்தான் போயிருக்க வேண்டும். அதற்கு மணம் இல்லை, நிறம் இல்லை. காற்றைவிடக் கனம், அடியில் போய்த் தேங்கும். குனிகிறவனுக்கு மூச்சு இழுப்பது போலவே இருக்கும், ஆனால் உள்ளே போவது உயிருக்கு உதவாத ஒன்று. உங்கள் கிரேக்கர்கள் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் மச்சான்? காற்று மாதிரியே இருக்கிற, நியூமா ஆகாத காற்று.

இறங்குவதற்கு முன்னால் காற்றை அளக்கிற மீட்டர் வைத்துப் பார்த்தார்களே என்று கேட்பீர்கள். பார்த்தார்கள். சரி என்றுதான் காட்டியது. தொட்டியின் வாயில் வைத்துப் பார்த்தார்கள்.

அந்த மீட்டரோடு நீளமாக ஒரு ட்யூப் உண்டு. மேலே, நடுவே, அடியே என்று மூன்று இடத்துக்கு அதை இறக்கிக் காற்றை உறிஞ்சிப் பார்க்க வேண்டும். அந்த ட்யூப் கிழிந்து மூன்று வாரமாகியிருந்தது. புதிது கேட்டு எழுதிக் கொடுத்திருந்தேன், வரவில்லை. "மீட்டர் ஓடுதில்ல பாய், யல்லா, குடுங்க" என்று, எல்லோரையும் பாய் என்றே கூப்பிடுகிற ஃபோர்மேன் அவசரப்படுத்துவார். நானும் கொடுத்துக்கொண்டிருந்தேன். அன்று காலையும் கொடுத்தேன். ஒரு கையுறைக்கு யார்டையே சந்தேகப்பட்டவன் அந்த மீட்டரைச் சந்தேகப்படவில்லை.

இன்னும் இருக்கிறது. நீங்கள் விழுந்த மறுநாள் புது ட்யூப் ஸ்டோர் மேஜையில் கிடந்தது. யார் கொண்டு வந்தார்கள் என்று ஒரு சீட்டும் இல்லை. ஃபோர்மேன் வந்து மெதுவாகச் சொன்னார், "நேத்து ரெஜிஸ்டர்ல ட்யூப்போட குடுத்ததா ஒரு வார்த்த சேத்துருங்க பாய். எல்லாருக்கும் நல்லது. கலாஸ், அதோட முடிஞ்சுது." நான் சேர்த்தேன். என் கையெழுத்தில், என் பேனாவில். உங்களுக்கு விசா ஏற்பாடு செய்ததும் இதே கைதான்.

ஏழு மாதமாக ஊரையே சந்தேகப்பட்டேன். ஃபோர்மேனை, வெல்டரின் காய்ச்சலை, ஆந்திராக்காரரை. ஒரே ஒருத்தனை விட்டுவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை காலையில் அக்கா போனில் மறுபடி அதையேதான் கேட்டது.

"அவருக்கு நெஞ்சு நல்லாத்தானேடா இருந்துச்சு. லீவுல வந்தப்பக்கூட பஸ்ஸ ஓடிப் புடிச்சாரே. காத்து நல்லா இருந்துச்சுன்னு எழுதியிருக்காங்கன்ற. யாரு பாத்தா?"

நம் வீட்டில் எல்லோரும் என்னைப் பழிக்கிற அதே கேள்வி. இந்தத் தடவை கேலி இல்லை. நான் புத்தகத்தை மடியில் வைத்திருந்தேன். செத்த உடலைப் பார்த்து முடிவு கட்டியவர்களின் பக்கத்தில் நீங்கள் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தீர்கள். நான் கேட்டதற்காகப் போட்டது என்று நினைக்கிறேன்.

"யாரும் பாக்கலக்கா. அடியில யாரும் பாக்கல. ட்யூப் இல்லாமத்தான் மீட்டரக் குடுத்தேன். பொய்யா எழுதுனதும் நான்தான்."

அக்காவின் மூச்சு மட்டும் கேட்டது, இழுத்து இழுத்து, போன் கார்டில் நிமிஷம் தீர்ந்துகொண்டிருந்தது. கட்டாகப் போகிற நேரத்தில் சொன்னது, "எங்கிட்டச் சொன்னத அங்கயும் சொல்லு. பெறவு எனக்குப் போன் பண்ணு. அதுக்கு முன்னாடி பண்ணாத."

நாளைக் காலையில் போகிறேன் மச்சான். தொழிலாளர் அலுவலகத்துக்கு. ரெஜிஸ்டரையும், அந்தச் சிலிண்டரின் சீட்டையும், தொட்டி வாயில் இருந்து நான் எடுத்து வைத்த உங்கள் அட்டையையும் கொண்டுபோகிறேன். வேலை போகும், விசா போகும், ஒருவேளை உள்ளே வைக்கவும் செய்யலாம். என் வாயால் சொல்வேனா என்று எனக்கே என் மேல் சந்தேகம். அதனால்தான் இதை எழுதுகிறேன், அந்த ஆந்திராக்காரர் முதல் ரூமில் எல்லோரிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். இனி பின்வாங்க முடியாது. அங்கே யார் பார்த்தது என்று கேட்பார்கள். கிழிந்த ட்யூப்பை நான் பார்த்தேன், காலி சிலிண்டரை நான் பார்த்தேன் என்று சொல்வேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்களைக் கூட்டி வந்த,
செல்வியின் தம்பி,
உங்கள் மைத்துனன் பாண்டி