ஒற்றைக் கேமரா

12.11.2024, செவ்வாய்

போடியில் விடாத மழை. அத்தாவுக்குத் தேநீர் ஊற்றினேன். பாதி டம்ளருக்குள், பாதி மேஜையில். அம்மா ஒன்றும் சொல்லாமல் டம்ளருக்கு அடியில் ஒரு தட்டை வைத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மதுரை டாக்டர் நேற்றுத் தெளிவாகச் சொல்லிவிட்டார். இடது கண்ணின் விழித்திரையை இனி ஒட்டவைக்க முடியாது. வலது கண்ணுக்கு ஒன்றுமில்லை. “ஒரு கண்ணை வச்சுக்கிட்டு எத்தனையோ பேர் கார் ஓட்டுறாங்க” என்றார். நான் ஓட்டுவது கார் இல்லையே டாக்டர். நிலவில் விண்கலத்தை இறக்குவதல்லவா என் பிழைப்பு?

14.11

பெங்களூரிலிருந்து எங்கள் குழுத் தலைவர் விஜயபாண்டி சாரின் போன். டிசம்பர் இருபதில் ரிவியூவாம். “அப்ரின், அந்த ஒத்தைக் கேமரா வேலையை விட்டுடலாமா? ஆமா, கண்ணு எப்படி இருக்கு?”

“தேறிக்கிட்டு வருது சார்.”

ஏன் அப்படிச் சொன்னேன்?

எங்கள் கலம் சிறியது. உயரத்தை அளக்க ரேடார் வைத்தால் எடை தாங்காது. இரண்டு கண் போல இரண்டு கேமராக்கள், அவ்வளவுதான். இரண்டும் காணும் படங்களின் வித்தியாசத்திலிருந்து தூரம் கிடைக்கிறது. ஒன்று பழுதானால் இறங்காமல் மேலே திரும்பிவிட வேண்டும் என்பது விதி. ஒன்றை வைத்தே இறக்கலாம் என்று இரண்டு வருடமாகச் சொல்லி வருகிறவள் நான் ஒருத்திதான். கணினியில் இறக்கிப் பார்த்தால் கடைசிக் கட்டம் வரை ஒழுங்காக வருகிறது. அதன்பின் உயரக் கணக்கு நழுவி, தரையில் போய் மோதுகிறது.

என் கண் போன கதையைச் சொல்லிவிட்டு இதையும் சொன்னால் பிடிவாதம் என்பார்கள். அல்லது பாவம் என்பார்கள். இரண்டாவதற்குத்தான் பயமாக இருக்கிறது.

18.11

மாடியிலிருந்து இறங்கும்போது இன்னும் ஒரு படி இருப்பதாக நினைத்துக் காலை வைத்தேன். இல்லை. பல் அதிர்ந்தது.

23.11

அத்தா பிரியமாகத்தான் சொன்னார். “பாப்பா, பேசாம நம்ம கடையில வந்து உக்காரு. ஏலக்கா பச்சையா பழுப்பான்னு பாக்குறதுக்கு ஒரு கண்ணு போதும்.”

போதுமாமே! எனக்கு எது போதும்னு எல்லாருக்கும் எப்படித் தெரியுது? நான் படிச்சதெல்லாம் எங்க போச்சு? தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து வந்துட்டேன். சாப்பிடல. அத்தாவும் சாப்பிடலையாம்.

27.11

“ஏன்டி, கோழி மாதிரி தலைய ஆட்டி ஆட்டிப் பாக்குற?” என்றார் அம்மா.

ஆட்டுகிறேனா? கண்ணாடி முன் நின்று பார்த்தேன். ஆமாம். டம்ளரை எடுக்குமுன் தலையை ஒரு வெட்டு, கதவைத் தொடுமுன் ஒரு வெட்டு. நான் சொல்லாமலே கழுத்து தூரத்தை அளந்துகொண்டிருக்கிறது. தேநீர் இப்போது அவ்வளவாகச் சிந்துவதில்லை.

3.12, செவ்வாய்

மலைத் தோட்டத்துக்கு அத்தா என்னையும் அனுப்பினார். சமாதானத்துக்காக இருக்கும். காசிமாயண்ணன் ஜீப்பில் முன்சீட்டு எனக்கு. பின்னால் காய் எடுக்கப் போகும் பெண்கள்.

போடிமெட்டைத் தாண்டிய இறக்கத்தில் மூடுபனி. ஜீப் ஒரே வேகத்தில் உருண்டுகொண்டிருந்தது. எதிரே கறுப்பாக ஒன்று. பக்கத்தில் கிடக்கும் தார்ப்பாயா, தூரத்தில் நிற்கும் லாரியா? சின்னது மெதுவாக நெருங்கினாலும் பெரியது வேகமாக நெருங்கினாலும் கண்ணில் ஒரே மாதிரிதான் வளரும். எனக்குச் சுத்தமாகத் தெரியவில்லை.

அண்ணன் பிரேக் போட்டார். நான் முன்னால் சாய்ந்தேன். அந்த நொடியில் தெரிந்துவிட்டது. லாரி, இன்னும் தூரத்தில்.

எப்படித் தெரிந்தது?

“அண்ணே, இன்னொரு தடவை பிரேக் போடுங்க.”

“என்னது?”

“சும்மா போடுங்கண்ணே!”

போட்டார். பின்னாலிருந்து சந்திரவல்லி அக்கா கத்தினார். “யோவ், நாங்க என்ன ஏலக்கா மூட்டையா? ஒழுங்கா ஓட்டுய்யா!”

எனக்குச் சிரிப்பு, அழுகை இரண்டும் வந்தன. கண் சொல்வது, வேகம் பாதியாகிவிட்டது என்று மட்டும். எதில் பாதி என்று அதற்குத் தெரியாது. உடம்பு சொல்வது, எவ்வளவு வேகம் கழிந்தது என்று. இரண்டையும் சேர்த்தால் முழு வேகம் வந்துவிடும். வேகம் தெரிந்தால் தூரம் தெரியும். சீராகப் போகும்வரை உடம்புக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கலத்துக்கும் அப்படி ஒரு உடம்பு உண்டு, வேகம் கூடுவதையும் குறைவதையும் உணரும் கருவி.

கடைசிக் கட்டத்தில் கலத்தை ஒரே வேகத்தில் இறக்கியது யார்? நான். படம் கலங்கக் கூடாதென்று பார்த்துப் பார்த்துச் சீராக்கினேன். அதைக் குருடாக்கியதே நான்தான்.

6.12

இறக்கத்தின் நடுவே எஞ்சினைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து, கலத்தை ஆட்டிப் பார்த்தேன். கணினியில் மோதாமல் மெல்ல உட்கார்ந்துவிட்டது. திரும்பவும் ஓட்டினேன். திரும்பவும் உட்கார்ந்தது. அம்மாவைக் கட்டிக்கொண்டேன். “கோழியா?” என்றார். கோழிதான்.

20.12, வெள்ளி

ரிவியூ, வீட்டிலிருந்தே வீடியோவில். எரிபொருள் வீணாகும் என்றார்கள், கணக்குக் காட்டினேன். கடைசியில் ஒருவர் கேட்டார். “பேப்பர்ல சரி. ஒத்தைக் கேமராவை நம்பி யாராவது இறங்குவாங்களா?”

அதற்குமேல் மறைக்க மனசில்லை. “நான் தினமும் மாடிப்படி இறங்குறேன் சார். எனக்கு இடது கண்ணு தெரியாது. திரும்ப வராது” என்றேன்.

விஜயபாண்டி சார், “ஏம்மா முன்னாடியே சொல்லல?” என்றார்.

“சொல்லியிருந்தா அன்னைக்கே விட்டிருப்பீங்க.”

சார் மறுக்கவில்லை. மாதிரிக் கலத்தை இறக்கிப் பார்க்க அனுமதி தந்தார்கள். எனக்கு வேலை இருக்கிறதா என்று கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

9.1.2025

பெங்களூருக்கு வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். பஸ் ஏற்றிவிட வந்த அத்தா, ஏலக்காய்ப் பை ஒன்றைக் கையில் திணித்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

18.2, செவ்வாய், பெங்களூரு

கல்லும் மணலும் பரப்பிய திடலில் சோதனை. கேமராவை மறைக்கும் மூடியோடு வந்த பொறியாளர், “எதை மூடணும்?” என்று பொதுவாகக் கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“இடது” என்றேன்.

இரவு அம்மாவின் போன். “என்னடி, விழுந்துச்சா?”

“இல்லம்மா. உக்காந்துச்சு.”

“தலைய ஆட்டுச்சா?”

“நல்லா ஆட்டுச்சு.”

அம்மா சொன்னார். “சரி. அடுத்து வர்றப்ப அத்தாவுக்கு நீயே டீ ஊத்து. நான் தட்டு வைக்க மாட்டேன்.”