கன்னிக்கு எடுத்த பாவாடை

1961, தை மாதம், கடைசி வெள்ளி.

இன்று என் மகள் பொன்னுத்தாய்க்குக் கும்பிடு. கல்யாணமாகாமல் செத்த பிள்ளையைக் கன்னித் தெய்வமாக வைத்து, வருஷம் ஒரு புதுப் பாவாடையை ஓலைப்பெட்டியில் வைப்பது எங்கள் வழக்கம். பத்து வயதில் காய்ச்சலில் போனாள். இது மூன்றாவது வருஷம். சாத்தூரில் சிவப்பில் ஒன்று எடுத்து வந்தேன்.

மத்தியானம் நாத்தனார் ஞானம் சிவகாசியிலிருந்து வந்தாள். கல்யாணத்தோடு கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தவள்.

"எங்க கோயிலுக்கு வாங்க மதினி, மனசு ஆறும்" என்றாள், எப்போதும் போல.

"நான் வந்துட்டா எம்பிள்ளைக்கு யாரு பாவாடை வைக்கிறது?" என்றேன்.

அவள் பெட்டியைத் திறந்து நான் வைத்த பாவாடையை விரித்துப் பார்த்தாள்.

"என்ன மதினி, இம்புட்டுக் குட்டையா எடுத்திருக்கீக? அவளுக்குப் பதிமூணு நடக்குதுல்ல? முழங்காலு தெரியுமே!"

தன் பையிலிருந்து ஒரு பச்சைப் பாவாடையை எடுத்தாள். என்னுடையதைவிட ஒரு சாண் நீளம்.

"போதகர் காதுக்குப் போச்சுன்னா என்னையத் தொலைச்சிருவாரு. படைச்ச சோறு மட்டும் திங்க மாட்டேன், சொல்லிட்டேன்" என்று சிரித்துக்கொண்டே அவளே மடித்து வைத்தாள்.

பெற்ற எனக்குத்தான் பிள்ளை வளர்ந்தது தெரியவில்லை.