மெஷின் கண்ணுக்குச் சந்தனம்

12-10-85

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இன்று மத்தியானம் என் இட்லியை இஞ்சினியர் ஸ்யாமளாம்மாவின் நீல விளக்குப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். சூடுபண்ணுகிற அடுப்பு என்றுதான் நினைத்தேன். அது ஐசியில் எழுதிய புரோகிராமை அழிக்கிற பெட்டியாம். இட்லி வைத்த மாதிரியே ஜில்லென்று வெளியே வந்தது. "அண்ணா, உள்ளே எழுதியிருந்ததெல்லாம் அழிஞ்சிருக்கும், பார்த்துச் சாப்பிடுங்கோ" என்றது அந்தப் பொண்ணு. எங்கள் கோச்சடை ஒர்க்ஷாப் ஷெட்டே சிரித்தது. ஊரையெல்லாம் கிண்டல் பண்ணுகிறவன் நான். ஒருநாள் மாட்டத்தானே வேண்டும்.

15-10-85

புது பிரஸ் ஓட ஆரம்பித்துவிட்டது. பம்புக்குள் புஷ் என்கிற பித்தளை வளையத்தை அழுத்தி இறக்குகிற மெஷின், கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றுக்காக நாங்களே கட்டியது. முடியில் பாதிகூடப் பிசகக் கூடாது. வயரிங் நான், புரோகிராம் ஸ்யாமளாம்மா, செட்டிங் தவசி. தவசி என் தங்கச்சி ரெங்கம்மாள் புருஷன். புஷ் எம்புட்டு இறங்கியிருக்கிறது என்று கட்டைவிரலால் தடவியே சொல்லுவான். அப்புறம்தான் டயல் வைத்து அளந்து பார்ப்போம்.

"மூஞ்சியப் பாத்துக் குடுக்கல மாப்ள. அந்த வெரலப் பாத்துத்தான் எந்தங்கச்சியக் குடுத்தேன்" என்றேன்.

"அப்ப வெரலுக்கு மட்டும் சோறு போடச் சொல்லுங்க மச்சான்" என்றான்.

17-10-85

ஸ்யாமளாம்மாவுக்கும் முதலாளி ஹாலாஸ்யத்துக்கும் சத்தம். மெஷின் கண்ணைப் பற்றித்தான். பம்பு வந்து நின்றதும் பிரஸ் தானாக இறங்கும். உள்ளே யார் கையாவது போனால், விளக்கு வெளிச்சம் கையில் பட்டுத் திரும்பிக் கண்ணில் விழும். கண் பார்த்துவிட்டால் பிரஸ் இறங்காது.

"வெளிச்சம் வந்தா நிக்கறதுன்னு வச்சிருக்கறது தப்பு சார். கண்ணே செத்துப்போனா மெஷினுக்குத் தெரியாது. விளக்கை எதிர்ப்பக்கம் வைக்கணும். வெளிச்சம் மறைஞ்சா நிக்கணும்."

அதற்கு மேஜையை வெட்ட வேண்டும், புரோகிராமை மாற்ற வேண்டும், நான் பாதி வயரை உருவ வேண்டும்.

"தீபாவளிக்கு முன்னாடி லாரி ஏத்தியாகணும்மா. அடுத்த மெஷின்ல பண்ணிக்கலாம்" என்று முடித்துவிட்டார் முதலாளி.

எனக்கும் வயரை உருவச் சோம்பல்தான். வாயைத் திறக்கவில்லை. நான் வாயைத் திறக்காத நாளும் உண்டு.

22-10-85

ஆயுத பூஜை. ஸ்பேனரிலிருந்து சால்டரிங் ராடு வரைக்கும் துடைத்து, சந்தனம், குங்குமம். ஸ்யாமளாம்மா வீட்டில் கொலு, இரண்டு நாள் லீவு. பிரஸ்ஸைத் தவசியே அலங்கரித்தான். நான் சும்மா இருப்பேனா?

"எல்லா எடத்துலயும் வச்சுட்டு கண்ண விட்டுட்டியே மாப்ள. கோவிச்சுக்கிட்டுப் பாக்காம இருந்துறப் போகுது."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே விரல் நிறையச் சந்தனம் எடுத்துக் கண்ணிலும் அப்பினான். நடுவில் குங்குமம். பொண்ணு மாதிரி இருந்தது மெஷின். பொரிகடலை நிறையக் கொடுத்தார்கள்.

23-10-85

முடியவில்லை.

24-10-85

எழுதித்தான் ஆகணும்.

நேற்று விஜயதசமி. முதல் பம்பைத் தவசியே போடட்டும் என்றார் முதலாளி. பூவை எடுத்தோம், சந்தனத்தைத் துடைக்கவில்லை. நல்ல நாளும் அதுவுமாகச் சாமிக்கு வைத்ததை யார் துடைப்பது? புஷ் கொஞ்சம் சாய்ந்திருந்தது. நேராக்கக் கையை விட்டான். எப்பவும் விடுவான், பிரஸ் நிற்கும்.

நிக்கல. இறங்கிருச்சு.

சந்தனம் காய்ஞ்சு கண்ணை அடைச்சுக் கெடந்துச்சு. வெளிச்சமே தெரியாம, கை இல்லைன்னு நெனச்சிருச்சு. வலது கை. கட்டைவிரலும் பக்கத்துல ரெண்டும்.

நான் எதுக்கு அதச் சொன்னேன்? யாரு கேட்டா என்னைய?

28-10-85

பெரியாஸ்பத்திரி. ரெங்கம்மாள் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமலே, "நீ சொன்னதாலதான் வச்சாராம்ணே" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். கஞ்சியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்.

தவசிதான், "விடு புள்ள. மச்சான் மொகத்தப் பாரு, பீஸ் போன பல்பாட்டம்" என்றான். நான் சிரிக்க வேண்டும் என்றுதான் சொன்னான். வரவில்லை.

5-11-85

ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வந்தார். ஆள்தான் கவனமில்லாமல் கையை விட்டது என்று முதலாளி ஆரம்பித்தார். ஸ்யாமளாம்மா விடவில்லை.

"கண்ணை அப்படி வச்சது எங்க தப்பு சார். வேண்டாம்னு சொன்னேன். சொல்லிட்டு நானேதான் புரோகிராமும் எழுதிக் குடுத்தேன்."

அப்புறம் நான் சொன்னேன். சந்தனம், என் கிண்டல், எல்லாவற்றையும். இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"கிண்டல் பண்ணதை எழுதுறதுக்கு இதுல எடம் இல்லப்பா" என்றார்.

15-11-85

விளக்கு எதிர்ப்பக்கம் போய்விட்டது. மேஜை வெட்டி, புரோகிராம் மாற்றி, வயர் உருவி, எல்லாம் முடிந்தது. மொத்த வேலைக்கும் ஒரு வாரம்கூடப் பிடிக்கவில்லை.

2-1-86

தவசி வேலைக்கு வந்தான். நேராக பிரஸ்ஸுக்குப் போனான். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, இடது கட்டைவிரலால் புஷ்ஷைத் தடவினான். மறுபடியும் தடவினான்.

"வேற ஆளு வெரலு மாதிரி இருக்கு மச்சான்."

"சொல்லு மாப்ள, எம்புட்டு?"

சொன்னான். டயல் வைத்தேன். தப்பு. இன்னொன்று எடுத்தான். அதுவும் தப்பு. மூன்றாவதை நான் எடுக்க விடவில்லை, டயலைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

செட்டிங்கிற்கு இனி வேற ஆள், பேயாண்டி. தவசியை முதலாளி வேலையை விட்டு நிறுத்தவில்லை, அந்த மட்டுக்கும் சரி. கூட்டுகிற வேலை, டீ வாங்கி வருகிற வேலை.

20-1-86

மெஷினை லாரியில் ஏற்றினோம். இந்நேரம் சமயநல்லூர் தாண்டியிருக்கும். ஸ்யாமளாம்மாவுக்கு பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது, மாசக் கடைசியில் போகிறது.

சாயங்காலம் தவசி இடது கையில் டீ ஸ்டாண்டோடு வந்தான். வாசல்படியில் ஸ்டாண்டு சாய்ந்து ஒரு கிளாஸ் விழுந்து உடைந்தது. முதலாளி வேட்டியில் டீ பட்டது. முன்னெல்லாம் என்றால் நான் ஒரு கிண்டல் விட்டிருப்பேன். தவசி விளக்குமாறு எடுத்துவந்து கூட்டினான். மிச்சமிருந்ததைப் பங்குபோட்டுக் குடித்தோம். சர்க்கரை கம்மி.