பென்ரோஸ் துரை அணைத்த கற்பூரம்

பிப்ரவரி 5, புதன்
மீசையை எடுத்தாயிற்று. கடற்கரை ஓட்டலின் சனிக்கிழமை நாடகத்தில் நான்தான் வெள்ளைக்கார வியாபாரி. பதினேழாம் நூற்றாண்டுக் கப்பல் வழக்கு, எழுதியது எழிலரசன். பென்ரோஸ் துரை ஊரார் துணி மூட்டைகளைக் கப்பலில் ஏற்றிப் போய் வழியில் விற்றுவிடுகிறார். பிறகு, புயலில் கேப்டன் அவற்றைக் கடலில் தள்ளிவிட்டான் என்று கோர்ட்டில் பொய்ச்சாட்சி சொல்கிறார். மில்லை மூடியதிலிருந்து வாட்ச்மேன் உடுப்புதான் போட்டேன். இப்போது வெல்வெட் கோட்டு. கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றேன்.

பிப்ரவரி 8, சனி
கைதட்டினார்கள். எனக்காக! துரை பைபிள் மேல் சத்தியம் செய்வதாகத்தான் இருந்தது. கடைசி நேரத்தில் எழிலரசன், "அண்ணே, டூரிஸ்ட்டுக்கு நம்ம ஊர் வாசன வேணும்" என்று தட்டில் கற்பூரம் கொளுத்தி நீட்டிவிட்டான். உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். "மூட்டையெல்லாம் கடலுக்குள்ள போச்சு. இது சத்தியம்" என்றேன். முன் வரிசையில் என் மனைவி செல்வாம்பாள் மட்டும் கைதட்டவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு
பேசமாட்டேன் என்கிறாள். காபி டம்ளரை வைக்கும் சத்தத்திலேயே கோபம். மகள் இனியா பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், என்றைக்கு வேண்டுமானாலும் வலி வரலாம். இந்த நேரத்தில் கற்பூரம் அணைத்துப் பொய்ச் சத்தியமா என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.
"நான் சொல்லலடி. வெள்ளைக்காரன் சொன்னான்."
"கை யாருது?"
கையைப் பார்த்தேன். கொப்புளம் வேறு.

பிப்ரவரி 11, செவ்வாய்
நெல்லித்தோப்பு அம்மன் கோயிலுக்குப் போனேன். துரை பேரில் ஓர் அர்ச்சனை செய்தால் தீருமா? பூசாரி நட்சத்திரம் கேட்டார். பென்ரோஸுக்கு நட்சத்திரம் எங்கே போய்த் தேடுவேன்? பூசாரி விபூதித் தட்டைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.
"எந்த எடத்துல, எந்த வேஷத்துல பொய் சொன்னியோ, அங்கியே உண்மையச் சொல்லிடு."
பூக்காரம்மாவும் அதுதான் சரி என்றாள்.

பிப்ரவரி 13, வியாழன்
எழிலரசன் தலையில் கை வைத்துக்கொண்டான்.
"அண்ணே, பொய் சாப்பாட்டுக்கு முன்ன, தீர்ப்பு சாப்பாட்டுக்கு அப்புறம். நீங்க முன்னாடியே ஒத்துக்கிட்டா கேஸ் முடிஞ்சுபூடும். பிரியாணி வெந்திருக்காது."
மீறினால் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகலாமாம். பிரியாணிக்காக என் பொண்ண... ஆனா அந்தக் கோட்டும் வேணுமே. இன்னா பண்றது? எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று செல்வாம்பாளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 15, சனி
காலையிலேயே இனியாவுக்கு வலி. ஆஸ்பத்திரி வாசலில் செல்வாம்பாள் வாயைத் திறந்தாள்: "இங்க நின்னு இன்னா பண்ணப் போற? அங்க போயி சொல்ல வேண்டியதச் சொல்லு."

பிப்ரவரி 16, ஞாயிறு
நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன். துரை காலத்தில் ஏது செல்போன் என்று எழிலரசன் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் என்ன நடக்கிறது என்று தெரியாமலேயே கூண்டில் ஏறினேன். முன் வரிசையில் செல்வாம்பாள். எப்போது வந்தாள்? முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. கற்பூரத்தை அணைத்தேன்.
"மூட்டை எதுவும் கடல்ல விழல. நான்தான் வித்துட்டேன். கேப்டன் நல்ல மனுசன். போன வாரம் சொன்னது பொய்."
கேப்டனுக்கு அதற்குமேல் வசனமே இல்லை. நீதிபதி வேஷத்தில் சிலம்பரசன் திருதிருவென்று விழித்தான். விக்கைச் சரிசெய்துகொண்டு, "எல்லாரும் சாப்புடப் போங்க" என்று தீர்ப்பளித்தான். பிரியாணி இன்னும் வேகவில்லை.
கோட்டு போயிற்று. பனியனோடு வெளியே வந்தேன். செல்வாம்பாள் என் சட்டையோடு நின்றுகொண்டிருந்தாள்.
"பேத்தி பொறந்துட்டா. ரெண்டு பேரும் நல்லாகீறாங்க."
"எப்போ?"
"மத்தியானமே."
"அப்புறம் ஏன்டி வந்து சொல்லல?"
"சொல்லியிருந்தா நீ உண்மையச் சொல்லியிருப்பியா?"
சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் குழந்தையைக் கொடுப்பதற்கு முன்னால் என் கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு கொடுத்தாள்.